பொழுதோடு வந்த பஸ்

எங்கள் ஊர் ஸ்டாப்பிங்கை யாரும் வந்து மூடவில்லை. பூட்டுப் போட அதற்குக் கதவும் இல்லை. செஞ்சியிலிருந்து திண்டிவனம் பக்கம் புது ரோடு போட்டார்கள். அது எங்கள் ஊரைத் தொடாமல் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போனது. ஒரு திங்கட்கிழமை காலை, பழைய ரோட்டில் பத்துப் பதினைந்து பேர் வழக்கம்போல் நின்றிருந்தோம். ஏழரை பஸ் வரவில்லை. எட்டரை பஸ்ஸும் வரவில்லை. ஒன்பது மணிக்குப் பால் கேனோடு அந்த வழியே போன ஒருவர், "அல்லா பஸ்ஸும் புது ரோட்ல போவுதுப்பா, இங்க இன்னாத்துக்கு நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். இருபது வருஷமாக பஸ் நின்ற இடத்துக்குக் கிடைத்த அறிவிப்பு அவ்வளவுதான்.

ஸ்டாப்பிங் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று பக்கம் சுவர், மேலே தளம், உள்ளே ஒரு சிமெண்டு பெஞ்சு. நெற்றியில் ஊர்ப் பெயரும் 'பயணிகள் நிழற்குடை' என்ற எழுத்தும். எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரியும். நடந்தால் இரண்டு நிமிடம். பஸ் வருவது நின்றதும் முதலில் ஆடுகள் வந்து படுத்தன. பிறகு சீட்டாடுகிறவர்கள் வந்தார்கள். அவர்களையும் விரட்டிவிட்டு, என் மாட்டுக்குச் சேர்த்து வைத்த மல்லாட்டைக் கொடியை நான் உள்ளே போராக அடுக்கினேன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. செடியில் காய் பறித்த பிறகு மிஞ்சுகிற கொடிக்கு மாடு உயிரை விடும். மழை படாத இடம் சும்மா கிடக்கிறதே என்று பார்த்தேன். இதைப் பின்னால் ஊர் முன்னால் நானே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

பஸ் போனதில் ஊருக்குப் பல தொல்லைகள். எனக்கு ஒன்றுதான் பெரிதாகத் தெரிந்தது. அது என் மனைவியின் சாப்பாடு.

நாங்கள் சமணக் குடும்பம். மேல்சித்தாமூர் மடம் எங்களுக்குப் பக்கம்தான். எங்களில் பொழுதோடு சாப்பிடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. சூரியன் இறங்குவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மறுநாள் சூரியன் வரும்வரை சாப்பாடு கிடையாது. இந்தக் காலத்தில் எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை. நான் கடைப்பிடித்ததே இல்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஏழு மணிக்குப் புரோட்டா தின்று வளர்ந்தவன் நான். குருமாவில் எங்களுக்கு ஆகாத வெங்காயம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டுக்கொள்ள மாட்டேன். ஆனால் என் மனைவி அப்படி இல்லை. எங்கள் மகளுக்கு நாலு வயதில் மஞ்சள் காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தபோது, இவள் மேல்சித்தாமூர் கோயிலுக்கு நடந்தே போய், பிள்ளை பிழைத்தால் ஆயுசுக்கும் பொழுது சாய்ந்து வாயில் ஒன்றும் வைக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை பிழைத்தது. இப்போது சென்னையில் வேலை பார்க்கிறது; ராத்திரி பத்து மணிக்குப் பிரியாணி தின்கிற படத்தை எங்களுக்கே அனுப்புகிறது. வேண்டுதல் மட்டும் இவளோடு நின்றுவிட்டது.

என் மனைவிக்குச் செஞ்சியில் தாலுகா ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. மனு டைப் அடிப்பாள், பட்டா சிட்டா எடுத்துக் கொடுப்பாள். பேரும் ஊரும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுதாரர்களிடம் அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டு அடிப்பாள். அந்தப் பொறுமையில் கால் பங்கை என்னிடம் காட்டியதில்லை. நாலரைக்குக் கடையை விட்டால், பழைய ரோடு இருந்த காலத்தில் ஐந்தேகாலுக்கு எங்கள் ஸ்டாப்பிங்கில் இறங்கிவிடுவாள். காலையில் அவள் அடுப்பு, சாயங்காலம் என் அடுப்பு. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, புடலங்காயோ பீர்க்கங்காயோ ஒரு கூட்டு வைத்து, இரண்டு தட்டை எதிரெதிரே போட்டிருப்பேன். "உப்பு எங்க?" என்று அவள் கேட்காத நாள் குறைவு. வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு, நாள் இன்னும் மிச்சம் இருக்கிறதே என்று இருவரும் வாசலில் நிற்போம். அந்த நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

புது ரோடு வந்ததும் அவள் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கூட்டு ரோட்டில் இறங்க வேண்டியதாயிற்று. அங்கேயும் எல்லா பஸ்ஸும் நிற்காது. நிற்கிற பஸ் ஐந்தரைக்கு மேல்தான் செஞ்சியை விட்டுக் கிளம்பும். கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வரலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். வயிற்றில் எதையாவது போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் அவளுக்கு வாந்தி வரும். கல்யாணமான புதிதில் திருவண்ணாமலை போனபோது என் வேட்டியிலேயே அதைத் தெரிந்துகொண்டேன். அதனால் நான் பால் சொசைட்டிக்குப் பாலை ஊற்றிவிட்டு, சமைத்ததை ஒரு டப்பாவில் போட்டு, மொபட்டில் மாட்டிக்கொண்டு கூட்டு ரோட்டுக்குப் போய் நிற்பேன். சித்திரை, வைகாசியில் பொழுது நீளம். சில நாள் ஜெயித்துவிடுவோம். மொபட் சீட்டில் டப்பாவை வைத்து, லாரிப் புழுதிக்கு முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அவள் அவசரமாக நாலு வாய் சாப்பிடுவாள். மற்ற மாதங்களில் தோல்விதான்.

இங்கேதான் எங்களுக்குள் ஒரு வழக்கு. செஞ்சிக் கோட்டை மலைகள் எங்களுக்கு மேற்கே. எங்களுக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போய்த்தான் இறங்கும். போனில் அஸ்தமனம் ஆறேகால் என்று காட்டினால், ஆறு பத்துக்கே மலை அதை விழுங்கிவிடும். நடுவில் அந்த ஐந்து நிமிடம் யாருடையது என்பதுதான் கேள்வி.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குது. மலை மறைக்குது, அவ்ளோதான். போன்ல பாரு" என்பேன்.

"போனைப் பாத்தா வேண்டிக்கினேன்? கண்ணுல தெரியலன்னா போயிடுச்சுன்னு அர்த்தம்."

"அந்த ராஜா மலை மேல கோட்டை கட்டினதுக்கு நீ ஏன் பட்டினி கெடக்கணும்?"

"சாமிகிட்ட போயி நிமிஷக் கணக்கு பேசச் சொல்றீங்களா? வண்டிய எடுங்க."

டப்பாவைத் திறக்காமலே திரும்பி வருவோம். எனக்குக் கோபம் கோபமாக வரும். ரோடு போட்டவன் மேல், பஸ் ஓட்டுகிறவன் மேல், அந்த மலை மேல். ஊர் உலகமெல்லாம் வந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற மலையை, சாயங்காலம் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதல் சில நாட்கள் எட்டு மணிக்கு எனக்கு மட்டும் தோசை சுட்டுப் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, தட்டு காலியாகக் காலியாக அடுத்ததைப் போடுவாள். நாலாம் நாள் தோசை தொண்டையில் நின்றுவிட்டது. "இனிமே நானும் சாயங்காலமே சாப்ட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். உண்மையிலேயே அப்படிச் செய்யத்தான் பார்த்தேன். ஐந்தரைக்குத் தனியாகத் தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். எதிரில் தட்டு இல்லாமல் இறங்கவில்லை. என் பங்குச் சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு, சாப்பிட்டவன் மாதிரி தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினேன். அவள் சாப்பிட முடியாமல் போன நாளில் அவள் பங்கும் அதே தொட்டிக்குப் போகும். அப்படியே பழகிவிட்டது. பக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோயிலில் பிரசாதத்துக்கு முன்வரிசையில் நிற்கிறவன் நான். அவளில்லாமல் இறங்கவில்லை, அவ்வளவுதான். மாடு மட்டும் நன்றாகத் தேறியது.

இதற்கு நடுவில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரி வெறும் வயிறு, காலை வரைக்கும் மாத்திரை வேலை செய்துகொண்டே இருக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

ஒரு மார்கழிக் காலை. கோலம் போட எப்போதும் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறவள் எழவில்லை. தொட்டுப் பார்த்தேன். அந்தக் குளிரில் ஜாக்கெட் நனையும் அளவுக்கு வேர்த்திருந்தது. கை நடுங்கியது. கூப்பிட்டால் எங்கேயோ இருந்து பதில் சொன்னாள். ஓடிப் போய் வெல்லத்தை உடைத்துக்கொண்டு வந்து வாயருகே வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடியபடியே, "விடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே லேசாக வெளுத்திருந்தது. சூரியன் வர இன்னும் இருபது நிமிடமாவது இருக்கும்.

"விடிஞ்சிடுச்சு. வாயத் தொற" என்றேன்.

திறந்தாள். வெல்லத்தைக் கரைத்து ஊட்டினேன். கொஞ்ச நேரத்தில் கண்ணில் அவள் திரும்பி வந்தாள். நான் மாட்டுக்கொட்டகைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அவள் செத்துப்போய்விடுவாள் என்று பயந்துவிட்டேன். அது ஒரு அழுகை. பதினெட்டு வருஷமாக அவள் காத்து வந்ததை ஒரு பொய்யில் உடைத்துவிட்டேனே என்று இன்னொன்று. மறுபடியும் அப்படி ஒரு காலை வந்தால் மறுபடியும் அதே பொய்யைத்தான் சொல்வேன். ஆனாலும் அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டர் கடுமையாகத் திட்டினார். "ராத்திரி சாப்பிடாம இந்த மாத்திரை போடக் கூடாதும்மா" என்றார். இவள் கொஞ்சமும் அசராமல், "அப்ப மாத்திரையக் கொறைச்சிடுங்க சார்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள்ளாவது வயிறு நிறையச் சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு முறை இப்படி ஆனால் தாங்காது என்று சொல்லி அனுப்பினார்.

வேலையை விடு என்றேன். "அந்த நாக்காலியில ஒக்காந்தா நாலு பேரு என்னை மேடம்ன்றாங்க. ஊட்ல யாரு கூப்புடறாங்க?" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் நான் மேடம் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பலன் இல்லை.

கடைசியில் நான் மனு போடக் கிளம்பினேன். ஊருக்கு பஸ் கேட்டு மனு. அதை டைப் அடிக்கச் செஞ்சியில் அவளைவிட்டால் யார்? கடையில் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் சொன்னேன்: "ஐயா, என் மனைவி பொழுதோடு சாப்பிடும் விரதம் உள்ளவர். சர்க்கரை நோயாளி. பஸ் இல்லாத காரணத்தால்…"

அவள் கை நின்றது. "இதெல்லாம் அடிக்க மாட்டேன்."

"நெசந்தான?"

"என் பசியத் தூக்கினு போயி ஆபீஸ் மேசையில வெப்பீங்களா? மானம் போவுது, சும்மா இருங்க."

பிறகு அவளே அடித்தாள். பள்ளி மாணவர்கள், முதியோர், கர்ப்பிணிகள் என்று வரிசையாக வந்தது. எங்கள் ஊரில் அந்த மாதம் ஒரு கர்ப்பிணிகூட இல்லை. அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லாத ஒரே ஆள் என் மனைவிதான். அதே காகிதத்தை ஜெராக்ஸ் போட்டுப் போட்டு இரண்டு வருஷம் கொடுத்தேன். அதுவரைக்கும் டப்பாவும் மொபட்டும் கூட்டு ரோட்டும்தான். எந்த மேசைக்கு மனு போனதோ அந்த மேசைக்காரர்களெல்லாம் என்னை 'பஸ் ஸ்டாப்பு' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பஸ் போகாத ஊர்களுக்கு மினி பஸ் விடுகிறார்கள் என்ற பேச்சு வந்தது. நம்பவில்லை. ஒரு நாள் ஜீப்பில் ஒரு அதிகாரி வந்து பழைய ரோட்டில் இறங்கினார். ஊரே கூடிவிட்டது.

"மனு போட்டது யாரு?"

"நான்தாங்க" என்று முன்னால் போனேன்.

நிழற்குடைக்குள் தளம்வரைக்கும் அடைத்துக் கிடந்த கொடிப் போரைக் காட்டினார். "இது யாருது?"

"அதுவும் நான்தாங்க" என்றேன். அவர் சிரித்ததில்தான் எனக்கு உயிர் வந்தது. மறுநாளே காலி செய்தேன். அடியில் அந்த பெஞ்சு அப்படியே இருந்தது. கழுவிவிட்டேன். சுண்ணாம்பு அடித்தேன். ஊர்ப் பெயரை பெயிண்டர் வந்து புதிதாக எழுதினார். மாட்டுக்குத்தான் வருத்தம்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முதல் மினி பஸ். செஞ்சியில் நாலேமுக்காலுக்குக் கிளம்பி, ஐந்தரைக்குள் எங்கள் ஊர். அவள் அதில்தான் வருகிறாள். நான் மத்தியானமே புடலங்காயை நறுக்கிவிட்டேன். அப்பளம் பொரித்தேன். பழைய மாதிரி இரண்டு தட்டை எதிரெதிரே போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் டப்பாவிலும் கொஞ்சம் போட்டு மொபட்டில் மாட்டிக்கொண்டு, இரண்டு நிமிட தூரத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். போன பிறகுதான் என் முட்டாள்தனம் எனக்கே தெரிந்தது.

ஐந்தரை ஆயிற்று. பஸ் வரவில்லை. ஐந்தேமுக்கால். போன் செய்தேன். "ஒவ்வொரு ஊர்லயும் மாலை போடறாங்க, தேங்கா ஒடைக்கிறாங்க. டிரைவர் இன்னா பண்ணுவாரு?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களும் மாலையும் பூசணிக்காயும் வைத்துக்கொண்டுதான் நின்றார்கள். "சீக்கிரம் விடுங்கப்பா" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். "உனக்கு எப்பவும் அவசரம்" என்றார்கள்.

ஆறு மணிக்கு மேல்தான் பஸ் வளைவில் திரும்பியது. சின்ன பஸ், முகமெல்லாம் சாமந்தி. ஊரே கை தட்டியது. டிரைவருக்கு மாலை, கண்டக்டருக்கு மாலை, கற்பூரம், பூசணிக்காய். படிக்கட்டை அடைத்துக்கொண்டு ஒருவர் பேச ஆரம்பித்தார். எனக்குத் தாங்கவில்லை. "இறங்குறவங்கள விடுங்கய்யா!" என்று கத்திவிட்டேன். பேச்சு நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் அவள் இறங்கி வந்தாள்.

மேற்கே பார்த்தேன். மலை உச்சியில் ஒரு விளிம்பு மட்டும் சிவப்பாக இருந்தது. பார்க்கப் பார்க்க அதுவும் போயிற்று.

இரண்டு வருஷம் அலைந்து ஸ்டாப்பிங்கைத் திரும்பக் கொண்டு வந்த அன்றைக்கே தோற்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாலைகளுக்கு நடுவில் வெட்கமாக இருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்யப் போனேன். அவள் சாவியைத் திருகி நிறுத்தினாள். டப்பாவைக் கழற்றி எடுத்துக்கொண்டு நிழற்குடைக்குள் போய், நான் கழுவி வைத்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"போன்ல பொழுது சாயறது எத்தினி மணின்னு போட்டிருக்குது?" என்று கேட்டாள்.

"ஆறேகால். இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குது" என்றேன்.

"நெசமா அஞ்சு நிமிஷம் இருக்குதா? இல்ல, அன்னிக்கு வெல்லத்த வெச்சிக்கினு விடிஞ்சிடுச்சின்னு சொன்னீங்களே, அந்த மாதிரியா?"

வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு மினி பஸ் அடுத்த ஊருக்குக் கிளம்பியது. அவள் மூடியைத் திறந்து, அதிலேயே பாதிச் சோற்றைப் போட்டு என் பக்கம் தள்ளினாள்.

"ஒக்காந்து சாப்புடுங்க, சீக்கிரம். இன்னிக்கு மாட்டுக்கு ஒண்ணும் கெடையாது."